தலைவிதியும் சட்டவிதியும்

உழைப்பாளி ஒருவன் இயந்திரத்தினருகே மாண்டு கிடக்கும்போது நமது சமுதாயம் இரண்டு சொற்களை எப்போதும் ஆயத்தமாக வைத்திருக்கிறது. வீட்டார் அழுது சொல்லும் சொல், விதி. விசாரிப்போர் எழுதிவைக்கும் சொல், கவனயீனம். முன்னது பழியை வானத்தின்மீது ஏற்றுகிறது. பின்னது அதே பழியைப் பிணத்தின்மீது ஏற்றுகிறது. அவ்வியந்திரத்தை அவ்வாறு செய்து விற்றவர், மலிவென்று வாங்கி நிறுத்தியவர், பார்வையிடும் கடமையிருந்தும் பாராமல் விட்டவர் ஆகிய மூவரும் இவ்விரு சொற்களின் நிழலிலே சுகமாக ஒதுங்கிக்கொள்கின்றனர்.

நாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள் மிகச் சிறியது போலத் தோன்றும். ஆவியோ, காற்றோ, நீரோ அமுக்கத்தோடு அடைபட்டிருக்கும் கலங்களின் மூடிகளைத் திறக்கும்போது நேரும் விபத்துக்களே அப்பொருள். இலக்கிய ஏட்டிலே மூடிக்கும் திருகாணிக்கும் என்ன அலுவல் என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். உழைப்பாளியின் வியர்வையைப் பற்றிப் பாட்டும் கதையும் நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். அவன் கை எந்தத் திருகின்மேல் இருக்கிறது, அந்தத் திருகுக்குப் பின்னால் என்ன அடைபட்டிருக்கிறது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? உயிரைக் காக்கும் அறிவு இலக்கியத்துக்குப் புறம்பானது என்று கொள்வோமாயின், நமது மனிதாபிமானம் வெறும் சொல்லலங்காரமாகவே முடியும்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறேன். தோணியும் வலையும் பனையும் அன்றித் தீவுகளிலே இயந்திரம் ஏது என்பாருளர். அது பழங்கதை. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வைத்தியசாலைகள் உண்டு. அறுவைக் கருவிகளையும் கட்டுத் துணிகளையும் உயர் அமுக்க ஆவியால் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவ் கலமின்றி எந்த வைத்தியசாலையும் இயங்க முடியாது. கிணற்று நீர் உவராகிப்போன நெடுந்தீவிலும் நயினாதீவிலும் மென்சவ்வினூடே நீரை அமுக்கிச் செலுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. சங்கும் கடலட்டையும் தேடி மூழ்கும் சுழியோடிகள் முதுகிலே காற்றுச் சிலிண்டரைச் சுமக்கின்றனர். வாகனச் சில்லுக்குக் காற்றடிக்கும் கடையிலே காற்றுத் தாங்கி நிற்கிறது. அடுப்படியிலே எரிவாயுச் சிலிண்டர் இருக்கிறது. இவை யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. உள்ளே அமுக்கம், வெளியே மூடி, மூடியின் மேல் ஒரு மனிதனின் கை.

இனித் தீவின் தனித்தன்மையைப் பாருங்கள். நகரத்திலே ஆவி பட்டு வெந்தவனை அரைமணி நேரத்தில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விடலாம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வரவே படகிற்கு ஏறக்குறைய ஒருமணி நேரம் வேண்டும். அதன் பின்னரும் யாழ்ப்பாண நகருக்குத் தரைவழி உண்டு. வாடையும் சோளகமும் கடலைக் கிளறும் காலத்திலே அந்த ஒருமணி நேரம் எவ்வளவு நீளும் என்பது தீவாருக்குத் தெரியும். வைத்தியம் கடலுக்கு அப்பால் இருக்கும் ஊரிலே விபத்துத் தடுப்பே முதல் வைத்தியம். ஆகவேதான் இந்தக் கேள்வி கொழும்பைவிடத் தீவுகளுக்கே கூடுதலாக உரியது என்கிறேன்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். அமுக்கத்தைப் பரப்பினாற் பெருக்கினால் விசை வரும் என்று பாடசாலையிலே கரும்பலகையில் எழுதுகிறோம். பரீட்சை முடிந்ததும் அழித்துவிடுகிறோம். விட்டம் 50 சென்ரிமீற்றர் கொண்ட ஓட்டோகிளேவ் கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு ஏறக்குறைய 1,960 சதுர சென்ரிமீற்றர். 121 பாகை வெப்பத்தில் கிருமிநீக்கும்போது உள்ளே இருக்கும் அமுக்கம், வெளி வளிமண்டலத்துக்கு மேலாகச் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். ஒரு கிலோகிராம் என்றதும் கடையிலே சீனி நிறுப்பது போன்று இலேசாக இருக்கிறது. ஆனால் கதவின்மேல் உள்ளிருந்து தள்ளும் மொத்த விசை ஏறத்தாழ இரண்டு தொன் பாரத்துக்குச் சமம்.

இங்கேதான் பலரும் அறியாத நுட்பம் இருக்கிறது. கலத்தின் ஆவி பெரும்பாலும் வெளியேறிவிட்டது. அமுக்கமானியின் முள் பூச்சியத்தைத் தொட்டாற்போல் நிற்கிறது. உள்ளே எஞ்சியிருப்பது பத்திலொரு பங்கு மாத்திரமே என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்திலொரு பங்கே கதவின்மேல் 196 கிலோகிராம் பாரத்தை ஏற்றும். நான்கு அரிசி மூடைகள் ஒன்றாய் முகத்தின்மேல் வந்து விழுவதற்கு ஒப்பானது அது. கூடவே கொதியாவியும் வரும். பெரிய அளவுகளைக் காட்டவென்று செய்யப்பட்ட அமுக்கமானியிலே இச்சிறு எச்சம் கண்ணுக்குத் தெரியாது. முள் துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தாலோ, அதற்குச் செல்லும் சிறு குழாய் அடைபட்டிருந்தாலோ அது சொல்வது முழுப் பொய். அமுக்கமானியை நம்பித் திறந்தவனைக் கவனயீனன் என்று எழுதுவது எந்த நீதி?

நீர்சுத்திகரிப்பு இயந்திரத்தைப் பாருங்கள். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க வளிமண்டல அமுக்கத்தைப் போல ஐம்பது, அறுபது மடங்கு அமுக்கம் வேண்டும். அச்சவ்வுகள் இருக்கும் குழாயின் முனைமூடி 10 சென்ரிமீற்றர் விட்டமுடையதாயின், 60 மடங்கிலே அதன்மேல் ஏறும் விசை நான்கரைத் தொன்னுக்கும் மேல். நீர் தானாக அதிகம் விரிவதில்லையாதலால் பம்பை நிறுத்தியதும் அமுக்கம் விரைவில் தணிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் குழாயின் மேற்பகுதியிலே காற்று சிறிது சிக்கியிருந்தால் அது சுருட்டிவைத்த வில்லைப் போலக் காத்திருக்கும். சுழியோடியின் சிலிண்டரிலே 200 மடங்கு அமுக்கம். அதன் கழுத்துத் துவாரம் 25 மில்லிமீற்றர்தான். அச்சிறு துவாரத்திலே பொருந்தியிருக்கும் வால்வின் மேலும் ஏறக்குறைய ஒரு தொன் விசை தள்ளிக்கொண்டிருக்கிறது. காற்று நிறைந்த நிலையில் அதனைக் கழற்ற முனைபவன் பீரங்கியின் வாயிலே நிற்கிறான்.

இவ்வாபத்துக்களுக்கு மருந்து இல்லையா? உண்டு, அது நம் வீட்டிலேயே இருக்கிறது. மின்சாரம் வருமுன் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் ஒளிதந்த பெற்றோமாக்ஸ் விளக்கை நினைவுகூருங்கள். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றுமுன் காற்றை வெளிவிடச் சிறு திருகொன்று அதிலே வைக்கப்பட்டிருந்தது. வாகனத்தின் றேடியேற்றர் மூடியைப் பாருங்கள். குறிகட்டுவானிலே பயணிகளை இறக்கிவிட்டு ஈரத்துணியால் அதனைப் பிடிக்கும் சாரதிக்கு ஒன்று தெரியும்: முதற் திருப்பிலே அது சீறும், ஆனால் கையோடு வராது. சீறி அடங்கிய பிறகு அமுக்கித் திருப்பினால்தான் கழலும். உள்மூடி கொண்ட ஹாக்கின்ஸ் பிறஷர் குக்கரிலே சிந்தனை இன்னும் ஒருபடி மேலே சென்றிருக்கிறது. மூடி உட்புறத்திலிருந்து பொருந்துவதால் உள்ளேயுள்ள ஆவியே அதனை இறுக்கிப் பிடிக்கிறது. ஆவி அடங்குமட்டும் எந்தப் பலசாலியாலும் அதனைத் திறக்க முடியாது. அவசரக்காரி, பொறுமைசாலி, படித்தவள், படியாதவள் என்ற பேதம் அந்த மூடிக்கு இல்லை. 1679 ஆம் ஆண்டிலே இலண்டனில் ஆவிக்கலத்தைச் செய்து காட்டிய தெனி பப்பென், அக்கலம் வெடியாதிருக்கப் பாதுகாப்பு வால்வையும் கண்டுபிடித்தார். ஆவியைச் சிறைப்பிடித்த அறிஞனே அதற்குக் கடிவாளமும் செய்தான். கடிவாளத்தைக் கழற்றிவிட்டுக் குதிரையை மட்டும் விற்றது வாணிபம்.

ஆகவே கொள்கை தெளிவானது. அமுக்கம் உள்ளபோது திறக்கக்கூடியதாக ஒரு மூடி இருக்குமாயின், அது என்றோ ஒருநாள் அவ்வாறு திறக்கப்பட்டே தீரும். களைப்பு, இருட்டு, அவசரம், மேலாளரின் அதட்டல், தவறாகக் கேட்ட ஒரு சொல்: இவற்றுள் எதுவும் போதும். மனிதன் தவறுவான் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அத்தவறு அவன் உயிரைக் குடிக்காதவாறு கலத்தை அமைப்பதே அறிவியல். அமுக்கம் நீங்கினாலன்றித் தாழ் விலகாதபடி பொருத்தும் அமைப்பை இடைப்பூட்டு என்பர். ஓட்டோகிளேவின் கதவுச் சக்கரமானாலும், ஆலையின் பெருங்கலமானாலும் அது பொருத்தக்கூடியதே.

இதனை மறுப்போருக்குக் கடலடியிலிருந்தே ஒரு சாட்சியத்தைக் கொண்டுவருகிறேன். 1983 ஆம் ஆண்டு நவம்பர் 5 ஆந் திகதி அதிகாலை, நோர்வேக்கு உரிய வடகடற் பகுதியிலே, பைபோர்ட் டொல்பின் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடையில் நான்கு சுழியோடிகள் உயர் அமுக்க அறையொன்றில் இருந்தனர். அறையில் அமுக்கம் ஒன்பது வளிமண்டலம். அவர்கள் கடலுக்கு இறங்கி ஏறும் கூண்டு, சிறியதொரு வழியினாலே அந்த அறையோடு இணைக்கப்பட்டிருந்தது. அறைக்கும் அவ்வழிக்கும் இடையேயுள்ள கதவு முற்றாக மூடப்படுமுன் வெளியே இணைப்புக் கவ்வி திறக்கப்பட்டுவிட்டது. ஒன்பது வளிமண்டலம் ஒரு கணத்தில் ஒன்றாயிற்று. அறையிலிருந்த நால்வரும் அக்கணமே மாண்டனர். வெளியே நின்ற உதவியாளர் இருவரில் ஒருவர் மாண்டார், மற்றவர் படுகாயமுற்றார்.

விசாரணை என்ன சொல்லிற்று? மனிதத் தவறு. கவ்வியைத் திறந்தவர் இறந்துவிட்டார். இறந்தவர் மறுத்துப் பேசமாட்டார். ஆனால் அந்தத் தொகுதி 1975 ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய அமைப்பு. வழியிலே அமுக்கம் உள்ளபோது கவ்வி இயங்காதபடி தடுக்கும் இடைப்பூட்டு அதில் இருக்கவில்லை. உள்ளமுக்கத்தை வெளியே நிற்பவருக்குக் காட்டும் மானியும் இருக்கவில்லை. இணைப்பு வழியில் அமுக்கம் உள்ளபோது இணைப்பை இயக்க முடியாதவாறே அமைக்கவேண்டும் என்ற விதியை நோர்வேயின் தரச்சான்று நிறுவனம் விபத்துக்கு முன்னரே வகுத்திருந்தது. விதி கடதாசியிலே இருந்தது, கவ்வியிலே இருக்கவில்லை. ஐந்து உயிர்கள் போய் ஒரு மாதத்துக்குள் அதே நிறுவனமும் பெற்றோலியப் பணிப்பகமும் எல்லாத் தொகுதிகளுக்குமான இறுதி விதியை வெளியிட்டன. பழைய சுழியோடிகள் சங்கமாகத் திரண்டு ஆண்டுக்கணக்காகப் போராடினர். 26 ஆண்டுகள் கழித்தே குடும்பங்களுக்கு நோர்வே அரசு நட்டஈடு வழங்கியது. செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே கவனயீனம் என்ற சொல்லைப் பிணத்தின்மேலிருந்து அகற்ற ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருந்தது. நமது சுழியோடியின் பிள்ளைகளுக்கு எத்தனை தலைமுறை வேண்டும்?

வெகுதூரம் போக வேண்டியதுமில்லை. 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களிலே இலங்கையெங்கும் சமையலறைகள் தீப்பற்றியதையும் அடுப்புக்கள் வெடித்துச் சிதறியதையும் நாடு மறந்திருக்காது. முதலில் எழுந்த பேச்சு என்ன? றப்பர்க் குழாய் பழையது, றெகுலேற்றர் தரமற்றது, பெண்களுக்குப் பாவிக்கத் தெரியவில்லை. சனாதிபதி நியமித்த நிபுணர் குழுவோ, சிலிண்டரிலே நிரப்பப்பட்ட வாயுவின் சேர்மானம் மாற்றப்பட்டமையே முதன்மைக் காரணம் என்று கண்டது. புரொப்பேனின் அமுக்கம் நமது வெப்பநிலையிலே பியூட்டேனின் அமுக்கத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. அதன் பங்கைக் கூட்டினால் வால்வும் இணைப்பும் தாங்கவேண்டிய அமுக்கமும் கூடும், ஒழுக்கு உண்டாகும். அடுப்படியில் நின்ற பெண் எதையும் மாற்றவில்லை. மாற்றியவர்கள் அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆயினும் குற்றக்கூண்டில் முதலில் ஏற்றப்பட்டவள் அவளே.

எதிர்வாதங்கள் மூன்று உண்டு. அவற்றையும் நேரே சந்திப்போம்.

செலவு அதிகம் என்பது முதல் வாதம். எவருடைய செலவு? கலத்தின் விலையோடு சேர்த்து ஒருமுறை கொடுக்கும் பணம் முதலாளியின் கணக்கில் எழுதப்படுகிறது. வெந்துபோன முகமும், பார்வையிழந்த கண்ணும், பாடசாலையை விட்ட பிள்ளையும் எவர் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத செலவு செலவே அன்று என்பது இலாபத்தின் எண்கணிதம்.

எச்சரிக்கைப் பலகையும் பயிற்சியும் போதும் என்பது இரண்டாவது வாதம். பயிற்சி வேண்டும், அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் எச்சரிக்கைப் பலகை தூங்கியவனைப் பிடித்து நிறுத்துவதில்லை. அப்பலகையும் பல இடங்களிலே அதனை வாசிக்க வேண்டியவனின் மொழியில் இருப்பதில்லை. அந்நிய மொழியில் எழுதப்பட்ட எச்சரிக்கை, தொழிலாளியைக் காப்பதற்கன்று. பின்னர் நிறுவனத்தைக் காப்பதற்கே தொங்குகிறது.

நம்மவர் இடைப்பூட்டையும் கழற்றி எறிந்துவிடுவர் என்பது மூன்றாவது வாதம். கழற்றுவோர் உண்டு, உண்மைதான். ஏன் கழற்றுகின்றனர்? ஆவி அடங்கக் காத்திருக்கும் பத்து நிமிடத்துக்குக் கூலி இல்லாமையால். தாமதித்தால் ஏச்சு விழுவதனால். பழுதான பூட்டைத் திருத்தித் தருவார் இல்லாமையால். இம்மூன்றையும் உண்டாக்கியவர் தொழிலாளியல்லர்.

இவ்வாதங்கள் புதியனவுமல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே கொதிகலன்கள் வெடித்தபோதும் இவையே கூறப்பட்டன. பிரித்தானியா 1882 ஆம் ஆண்டில் கொதிகலன் வெடிப்புக்களை விசாரிப்பதற்கென்றே சட்டமியற்றிற்று. 1905 ஆம் ஆண்டு மார்ச் 20 ஆந் திகதி அமெரிக்காவின் புரொக்டன் நகரில் சப்பாத்துத் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் வெடித்து 58 பேர் மாண்டனர். இரண்டாண்டுகளில் அம்மாநிலம் கொதிகலன் விதிகளை ஆக்கியது. அதன் வழியே 1914 ஆம் ஆண்டுப் பொறியியலாளர் விதித்தொகுதியும் பிறந்தது. விதிகள் பெருகப் பெருக வெடிப்புக்கள் அருகின. தலைவிதி என்று அழுதவர்கள் சட்டவிதியை எழுதியபோது தலைவிதி மாறியது.

நமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் கொதிகலன்களையும் காற்றுத் தாங்கிகளையும் பற்றிப் பேசுகிறது; அவை காலத்துக்குக் காலம் பரிசோதிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆயினும் பெயரே சொல்வது போல அது தொழிற்சாலையை நடுவாகக் கொண்ட சட்டம். சுழியோடியின் வள்ளம் தொழிற்சாலையன்று, அடுப்படியும் தொழிற்சாலையன்று. 1934 ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமோ காயத்தின் பின்னே வருவது. காயத்துக்கு முன்னே நிற்பதன்று. அதுவும் தனக்குத் தானே வேலைகொள்ளும் கடற்றொழிலாளியை நாடி வருவதில்லை.

எனவே கேட்கவேண்டியவற்றைத் தெளிவாகக் கேட்போம். விரைவில் திறந்து மூடும் அமுக்கக் கலம் எதுவாயினும், இடைப்பூட்டு இன்றி இந்நாட்டுக்குள் இறக்குமதி செய்யவோ விற்கவோ இடமளிக்கலாகாது. பிறநாட்டார் பாவித்துக் கழித்த பழைய கலங்களுக்கும் இது பொருந்த வேண்டும். வைத்தியசாலை, நீர்சுத்திகரிப்பு நிலையம், சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் இடம் ஆகியனவும் பரிசோதனை எல்லைக்குள் வரவேண்டும். பரிசோதகர் கடல் தாண்டி நெடுந்தீவுக்கும் வரவேண்டும். திறக்கும் முறை தமிழிலும் சிங்களத்திலும் கலத்தின் மேலேயே பொறிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு விபத்தின் விசாரணை அறிக்கையும் பகிரங்கமாக வெளியிடப்பட வேண்டும்; கவனயீனம் என்று எழுதுமுன், அம்மூடி அமுக்கத்தோடு திறக்கக்கூடியதாக ஏன் இருந்தது என்ற வினாவுக்கு விடை எழுதப்பட வேண்டும்.

சட்டம் வருமட்டும் கைகட்டி இருக்கவும் இயலாது. தொழிலாளர் தாமே அறிந்திருக்க வேண்டியவை சில உண்டு. கலத்துக்கு அமுக்கம் வரும் வழியை முதலில் அடைத்து, வேறெவரும் திறவாதபடி பூட்டித் திறப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வெளிவிடும் வால்வைத் திறந்து, வேலை முடியும்வரை திறந்தபடியே விடவேண்டும். முள்ளை மட்டும் நம்பாது, வெளிவிடும் வாயிலே எதுவும் வரவில்லை என்பதையும், அவ்வாய் அடைபட்டிருக்கவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். மூடிக்கு நேரே நில்லாது பக்கவாட்டில் நிற்க வேண்டும். திருகாணி பூட்டிய மூடியாயின், தனக்கு எதிர்ப்புறத்துச் சுரைகளை முதலில் நெகிழ்த்தி, எதனையும் முற்றாகக் கழற்றாமல் மூடியைச் சற்றே கிளப்பிப் பார்க்க வேண்டும். எச்சம் இருந்தால் அது தன்னைவிட்டு விலகிச் சீறும். கதவு இறுகி நின்றால் சம்மட்டியால் அடிக்கலாகாது. இறுக்கம் பெரும்பாலும் உள்ளே அமுக்கம் எஞ்சியிருப்பதன் அறிவித்தலே.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. அமுக்கம் பற்றிய பாடத்தைக் கற்பிக்கும் நாளிலே மாணவரை ஊரின் வைத்தியசாலைக்கோ நீர்நிலையத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். கதவின் விட்டத்தை அளந்து விசையைக் கணக்கிடச் சொல்லுங்கள். இடைப்பூட்டு உண்டா, அறிவித்தல் தமிழில் உண்டா, கடைசிப் பரிசோதனை எந்த ஆண்டு நடந்தது என்று எழுதிவரச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் அத்தகைய பட்டியல் ஒன்று உருவாகுமானால், அதுவே தொழிற்சங்கத்துக்கும் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் மறுக்க முடியாத மனுவாகும். ஆட்சியாளர் கண்ணீருக்கு அனுதாபம் தெரிவித்து அனுப்பிவிடுவர். கணக்குக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழிலே விதி என்ற சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று நம்மை மீறி எழுதப்பட்டதாக நாம் நம்புவது. மற்றது நாமே கூடி எழுதுவது. நெற்றியிலே எழுதியிருக்கிறது என்று தீவுகள் நெடுங்காலம் நம்பியிருந்தது போதும். கலத்தின் மூடியிலே எழுதவேண்டியதை எழுதுவிப்போம்.